தியாகுவுக்கு ஒரு காரணம்

சும்மாதானாம்க்கா! நாலு பேர கொன்னுட்டு, ஏன்டா கொன்னேன்னு போலீஸ்காரங்க கேட்டா, "சும்மாதான் சார்"னு சொல்லியிருக்கான். இத வச்சிக்கிட்டு நான் என்னத்த வீடியோ போடுறது? நீங்களே சொல்லுங்க. பதினெட்டு நிமிஷ வீடியோக்கா அது! மொத நிமிஷத்துல "தியாகு ஏன் கொன்னான்?"னு கேக்குறேன், பின்னாடி டொய்ங்ங்னு மியூசிக்கு... ரெண்டாவது நிமிஷத்துல "சும்மா"ன்னு சொல்லிட்டு நன்றி வணக்கம்னு போயிட முடியுமா?

உக்காருங்க, உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், செவுத்தோட சாச்சிப் போட்டுக்கங்க. போனு எப்ப விழுந்துச்சு ஐஸ் பொட்டிக்குள்ள? காலையிலயா? எடுத்தொடனே ஸ்விட்ச் ஆஃப் பண்ணீங்களா?... பண்ணலயா. சார்ஜ் வேற போட்டீங்களா! அய்யய்யோ. எல்லாரும் அதத்தான் செய்யிறாங்க. தண்ணில விழுந்தவன தூக்கி வெளிய போட்டு, மொதல்ல கரண்டு குடுக்குறது. சரி குடுங்க, தொறக்குறேன். அரை மணி நேரம் ஆவும். அவசரமா? எங்க போவணும்?... முருகையன் மாமா வயலுக்கா?

...இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். நடவு பொம்பளைங்க மத்தியானம் வீட்டுக்குப் போறப்ப மீன் வாங்குவாங்கல்ல, ஆமா. நல்ல யாவாரம்தான்.

தியாகுன்னா எந்தத் தியாகுன்னு கேக்குறீங்களே! நீங்க இந்த லைனுக்கு மீன் விக்க வந்ததே மீன்புடித் தடைக்காலம் முடிஞ்சப்பறந்தான, ஒங்களுக்குத் தெரியாது. டிவில வந்தானேக்கா, அறுவடை மெஷின் டிரைவரு. நம்ம ஊருக்காரன், வாய்க்காத் தெரு. சீசனுக்கு மெஷினோட வெளி மாவட்டம், ஆந்திரான்னு போவான். போன எடத்துல நெல்லுக் களத்துக்குக் காவலு படுத்திருப்பாங்கல்ல, வயசான வாட்ச்மேனுங்க... அவங்கள. தூங்குறப்ப. நாலு ஊரு, நாலு பேரு, ரெண்டு வருஷம். ஸ்பேனரால. ஒரு ரூவா எடுக்கல, ஒரு சண்ட கெடையாது, பேருகூட தெரியாது அவனுக்கு. காலையில எந்திரிச்சி டீ குடிச்சிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிருக்கான்.

மூஞ்ச அப்படி வைக்காதீங்கக்கா. இங்கல்லாம் ஒண்ணும் பண்ணல. இப்ப ஜெயில்ல இருக்கான்.

பாருங்க, உள்ள மீன் செதிலு! போனுக்குள்ள எப்புடிக்கா செதிலு போச்சு? சங்கராவா மத்தியா இது? இருங்க, பிரஷ்ஷ எடுத்துக்கிறேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங். நான் மூணு வருஷமா யூடியூப் சேனல் வச்சிருக்கேன்க்கா. "ரெத்தச் சேறு". பேரு நல்லாருக்குல்ல? நானே வச்சது. வெளிநாட்டுக் கொலகாரனுங்க கதையாச் சொல்லிச் சொல்லி வாயில நொர தள்ளிடுச்சி. அவனுங்க பேரச் சொல்றதுக்குள்ளயே பாதி வீடியோ முடிஞ்சிடும். அறுநூத்திப் பன்னெண்டு சப்ஸ்க்ரைபரு, அதுல நாப்பது பேரு எங்க சொந்தக்காரங்க. எங்க பெரியப்பாவுக்கு நாந்தான் அவரு போன வாங்கி அமுக்கி விட்டேன். இப்புடி இருக்கறப்ப, எங்க வீட்டுலேந்து எட்டாவது வீட்டுல ஒரு சீரியல் கில்லரு! கும்பகோணத்துல இல்ல, தஞ்சாவூருல இல்ல, பாபநாசத்துலகூட இல்ல, எங்க தெருவுல! இத விட்டா எனக்கு எப்ப வரும் சொல்லுங்க.

சரின்னு மைக்கு, போனு, கூலிங் கிளாஸு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஊரு பூரா சுத்துனேன். அவன் பின்னணி என்ன, சின்ன வயசுல எப்புடி, மனசுல என்ன காயம்... எல்லாக் கொலகாரனுக்கும் ஒரு காயம் இருக்கும்க்கா. இருந்தே ஆவணும். அதான் ரூலு.

மொதல்ல ஜெக்கரியா சாரு. அவனுக்கும் அவருதான் கணக்கு, எனக்கும் அவருதான் கணக்கு. "சார், தியாகு ஸ்கூல்ல எப்புடி சார்?"னு மைக்க நீட்டுனேன். "நாலாவது பெஞ்சு. கணக்கு வராது. கையெழுத்து நல்லாருக்கும்"ங்கிறாரு. "கண்ணுல எதாச்சும் வெறி தெரியுமா சார்?" "வெறியா? தூக்கந்தான்டா தெரியும்." அவ்ளோதான். கணக்கு வராதவன்லாம் கொலகாரன்னா, பாபநாசம் தாலுக்காவுல பாதிப் பேர உள்ள போடணும். மொத ஆளு நானு.

அப்பறம் முருகையன் மாமா. அஞ்சு மா நெலம் வச்சிருக்காரு, தியாகுதான் அவருக்கு அறுத்துக் குடுப்பான். அவரு சொல்றாரு, "பய வரப்பு ஒடையாம ஓட்டுவான்டா, அந்த மாரி டிரைவரு இனிமே எங்க கெடைப்பான்." அழுவுறாரு மனுசன்! கொலகாரனுக்காக இல்ல, வரப்புக்காக.

சரி, வீட்டுலயே கேப்போம்னு எங்கம்மாகிட்ட கேட்டேன். எங்கம்மா, அம்சவல்லி, நடவு செட்டுக்குத் தலைவி அதுதான். இருபத்திரண்டு பொம்பளைங்கள அதுதான் கூட்டிட்டுப் போவும். ஊரு நியாயம் பூரா அதுக்குத் தெரியும். "தியாகுவா, நல்ல புள்ளடா. தண்ணி வாங்கிக் குடிச்சா சொம்பக் கழுவிட்டுத்தான் குடுக்கும்"னு சொல்லுது. சொம்பு! நான் இத வச்சி என்ன பண்றது? போட்டேன்க்கா, அதையும் போட்டேன். "தடயங்களை அழிக்கும் பழக்கம் அவனிடம் சிறு வயதிலேயே இருந்தது..." டொய்ங்ங்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. இதுக்கு ஊரே சிரிச்சிருந்தா நல்லாருந்துருக்கும்.

ஆக, ஒரு ஊரே சேந்து ஒரு கொலகாரனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் குடுக்குது. அப்பாகாரன் குடிச்சானா? இல்ல, அவரு அவன் கைக்கொழந்தையா இருக்கறப்பவே பாம்பு கடிச்சி செத்துட்டாரு, அதுக்கு முன்னாடியும் வெத்தல பாக்கோட சரி. காதல் தோல்வியா? காதலே இல்ல. அவங்கம்மா எல்லையம்மா அத்த இருக்கே, அது ஒரு கோழிய அறுக்குறதுக்கே பக்கத்து வீட்டு ஆள கூப்புடும். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கடுப்பு. எவ்ளோ பெரிய வேலைய செஞ்சிருக்கான், அதுக்கு ஒரு முன்னேற்பாடு வேணாமா? சின்ன வயசுல கொஞ்சமாச்சும் ஒழுங்கா கெட்டுப் போயிருக்க வேணாமா?

ஒங்க போனு ஸ்ட்ரிப்புல பச்ச படிஞ்சிருக்கு பாருங்க. உப்புத் தண்ணி. தொடச்சிடலாம், பயப்படாதீங்க.

அப்பத்தான் ஒரு வெளிநாட்டு வீடியோவுல பாத்தேன். மூணு அறிகுறியாம்க்கா. சின்ன வயசுல இந்த மூணும் இருந்தா பின்னாடி அவன் கொலகாரனா வரலாமாம். ஒண்ணு, வயசு வந்தும் பாயில ஒண்ணுக்குப் போறது. ரெண்டு, எதையாவது தீ வச்சிக் கொளுத்துறது. மூணு, வாயில்லா ஜீவனக் கொல்றது. அப்புடில்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு இன்னொரு டாக்டரு அதே வீடியோவுல கடைசில சொல்றாரு. அத நான் ஸ்கிப் பண்ணிட்டேன்.

போட்டேன் வீடியோவ. "சேத்துல மொளச்ச சைக்கோ: தியாகுவின் மறுபக்கம்". என் மூஞ்சிக்குப் பக்கத்துல அவன் மூஞ்சி, கண்ணுல செவப்பு. நாலு லட்சம் வியூஸுக்கா! நாலு லட்சம்! சப்ஸ்க்ரைபரு பதினோராயிரம். துபாய்லேந்து ஒருத்தன் "அண்ணா, புல்லரிக்குது"ன்னு கமெண்ட் போட்டிருக்கான்.

என்ன சொன்னேன்னு கேளுங்க. தியாகு ஆறாப்பு வரைக்கும் பாயில போவான், அவங்கம்மா பாயத் தூக்கி மதகு கட்டையில காயப் போடும், பள்ளிக்கூடம் போற பசங்கள்லாம் பாத்துச் சிரிப்பானுங்க. அந்த அவமானம்... டொய்ங்ங். அப்பறம் வாத்து. அறுப்பு முடிஞ்சா வயல்ல வாத்து மேய்க்கிறவங்க வந்து கெட போடுவாங்கல்ல, அதுலேந்து ஆறு குஞ்சத் திருடி புத்தகப் பைக்குள்ள போட்டு ஜிப்ப மூடி... வீட்டுக்கு வந்து தொறந்து பாத்தா ஆறும் செத்துக் கெடக்கு. கழுத்து சாஞ்சி, ஒண்ணு மேல ஒண்ணு, மஞ்சளா. வீடியோவுல "துடிதுடிக்க"ன்னு சேத்துக்கிட்டேன்.

அப்பறம் வைக்கப்போரு. முருகையன் மாமா வைக்கப்போர ஒருத்தன் கொளுத்துனாங்க்கா, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. யாருன்னே இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அத தியாகுன்னு சொன்னேன். வைக்கப்போரு எப்புடி எரியும்னு பாத்திருக்கீங்களா? ஒடனே எரியாது. உள்ளுக்குள்ளயே பொகையும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒரு மாரி கருகுன வாசம் மட்டும் வரும், தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருப்போம், அணைஞ்சிடுச்சின்னு நெனைக்கிறப்ப பொளக்குன்னு ஒரு பக்கம் வாயத் தொறந்துக்கும் பாருங்க...

கடைசியா சூடு. இந்த அட்டகாசத்துக்கெல்லாம் அவங்கம்மா கரண்டிக் காம்பப் பழுக்கக் காச்சி தொடையில இழுத்துச்சு, அந்தத் தழும்போட சேந்து அவன் மனசும் வெந்து போச்சு. இங்கதான் வயலின்.

எப்புடித் தெரியும்னு கேக்குறீங்களா...

இருங்க, பேட்டரி ஓல்டேஜ் பாத்துக்கிறேன். ம். உயிரு இருக்கு.

சொல்றேன். அதுக்கு முன்னாடி ஊரப் பத்திச் சொல்லணும். ஊருக்கு இந்த வீடியோ அவ்ளோ புடிச்சிடுச்சிக்கா! அதான் எனக்கு ஆச்சரியம். தியாகுவப் புடிச்சப்ப ஊரே பயந்து போயி கெடந்துச்சு. ஒரு மாசம் எவனும் நிம்மதியாத் தூங்கல. அவன் பயந்த பையன்ல்ல, சொம்பு கழுவுற பையன்ல்ல, அவனே அப்புடின்னா எம்மவன் எப்புடி, எம்புருசன் எப்புடின்னு ஆளாளுக்கு வீட்டுக்குள்ளயே ஒருத்தர ஒருத்தரு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டாங்க. வீடியோ வந்தொடனே... அப்பாடா! "அதான பாத்தேன்! வளத்த லட்சணம்!" அன்னிக்கி ராத்திரிதான் ஊரு கொறட்ட விட்டுச்சு. ஜெக்கரியா சாருக்கே கண்ணுல வெறி ஞாபகம் வந்துடுச்சு, தெரியுமா? ஆமா, லேசா இருந்துச்சுங்கிறாரு.

ஆனா எல்லையம்மா அத்த கத வேற. தியாகுவப் புடிச்சப்பகூட நடவு செட்டுல அத ஒருத்தரும் ஒதுக்கல. மவன் செஞ்சதுக்கு அவ என்னா பண்ணுவான்னு எங்கம்மாதான் மொத ஆளா வீட்டுக்குப் போயி கையப் புடிச்சிக் கூட்டியாந்துச்சு. வீடியோ வந்த மறுநாளு வரிசையில நிக்கிதுங்க பொம்பளைங்க, எல்லையம்மா அத்தைக்கு வலப்பக்கம் யாரும் இல்ல, எடப்பக்கம் யாரும் இல்ல. இது நாத்து முடிச்ச நீட்டுனா வாங்க ஆளில்ல. பெத்த புள்ளைக்கு சூடு போட்டு கொலகாரனாக்குனவ கையாம். மூணாம் நாளு செட்டுலேந்தே நிறுத்திட்டாங்க, தலைவி எங்கம்மாவாலகூட தடுக்க முடியல. அது என்ன பண்ணுது தெரியுமா? தெனம் காலையில தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு, எந்த வயல்ல நடவோ அங்க வந்து வரப்புல நின்னுக்கிட்டிருக்கு. யாராச்சும் கூப்புடுவாங்களான்னு. மத்தியானம் வரைக்கும் நின்னு பாத்துட்டு, கஞ்சியக் குடிக்காமயே திரும்பப் போவுது. எட்டு நாளா இதே கததான்.

நடவு மெஷின் வந்து பாதி வயலு போயிடுச்சி. இருக்குற கொஞ்சத்துக்குத்தான் கைநடவு. அந்த அத்தைக்கு வேற வேல தெரியாது, வேற ஆளும் கெடையாது.

இன்னிக்கி முருகையன் மாமா வயலு. அவருக்கு ஒரு நம்பிக்க. மொத பிடி நாத்த கைராசிக்காரங்கதான் நடணும். நல்ல நேரம் பாத்து, கெழக்கப் பாத்து நின்னு, வடகெழக்குச் சனிமூலையில ஊணணும். பதினஞ்சு வருஷமா எல்லையம்மா அத்த கைதான். இந்த வருஷம் வேணான்னுட்டாரு. எம்போர எரிச்சவன் ஆத்தா என் வயல்ல கால வைக்கக் கூடாதுன்னுட்டாரு. அதுக்குப் பதிலா யாரு மொத பிடி நடணும்னு சொல்லியிருக்காரு தெரியுமா? எங்கம்மா.

எங்கம்மா காலையில நாலு மணிக்கே எந்திரிச்சிடுச்சி. கொல்லையில ஒக்காந்து கையத் தேச்சித் தேச்சிக் கழுவுது. நான் எட்டிப் பாத்தேன். என்னையப் பாத்துச்சு. பதினோரு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த பேசலக்கா. சோறு போடும், கொழம்பு ஊத்தும், நவுந்துடும். வீடியோவ அது பக்கத்து வீட்டுப் போனுலதான் பாத்துச்சாம். பாத்துட்டு வீட்டுக்கு வந்து, நான் டவுசரோட படுத்துக் கெடந்தேன், என் தொடையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்பறம் ஒண்ணு கேட்டுச்சு. கடைசியா பேசுனது அதான். "இதையும் அவனுக்கே குடுத்துட்டியாடா?"

...

ஆமாக்கா.

என்ன ஆமா? எல்லாந்தான். பாயி என்னோடது. மதகு கட்டையில காஞ்சது என் பாயி. வாத்துக்குஞ்சு... அத வளக்கத்தான்க்கா எடுத்தாந்தேன்! பேரெல்லாம் வச்சிருந்தேன் ஆறுக்கும்! பைக்குள்ள காத்து போவாதுன்னு எட்டு வயசுல எனக்கு எப்புடித் தெரியும்? ரெண்டு நாளு சோறு திங்கல நானு. வைக்கப்போரு... தீவாளி முடிஞ்சி ஒரு ராக்கெட்டு மிச்சம் இருந்துச்சு. மேல விட்டா எல்லாரும் விடுறதுதான, படுக்கவச்சி விட்டா எவ்ளோ தூரம் போவும்னு பாத்தேன். நேரா போருக்குள்ள போச்சு. அவ்ளோதான் என் வெறி, பின்னணி, காயம் எல்லாம்.

இத்தனைக்கும் எனக்கு மூணு அறிகுறியும் இருக்குக்கா! சூடும் போனஸ்ஸு! நான் மொபைலு சர்வீஸ் பண்ணிக்கிட்டு ஒக்காந்துருக்கேன். அவனுக்கு ஒண்ணுமே இல்ல, அவன் அங்க இருக்கான். இத எப்புடி நான் வீடியோவுல சொல்றது? ராத்திரியெல்லாம் ஒக்காந்து அவனுக்கு எதாச்சும் கெடைக்குமான்னு தேடித் தேடிப் பாத்து, ஒண்ணும் கெடைக்கல. விடிஞ்சா அப்லோடு. கையில இருந்தத எடுத்துப் போட்டுட்டேன். செத்தவனுக்குச் சட்ட போட்டு விடுற மாரி.

சூடு போட்டது எங்கம்மாதான். அதுகூடப் பரவாயில்ல, எந்த வீட்டுல அடிக்கல. அதுக்கு மறுநாளு இருக்கு பாருங்க கத. முருகையன் மாமா ஊரக் கூட்டிட்டாரு, காளியம்மன் கோயில்ல. எம்மேல சந்தேகம். ராக்கெட்டுக் குச்சி கெடந்துச்சுல்ல. எங்கம்மாவக் கூப்புட்டு, ஒம்மவன் இல்லன்னா சூடம் அணைன்னுட்டாங்க. ஒங்க ஊருப் பக்கமும் உண்டா? உள்ளங்கையில சூடத்த ஏத்தி, எரிய எரிய, சத்தியம் பண்ணி அணைக்கிறது. பொய்ச் சத்தியம் பண்ணா அந்தக் கை வௌங்காதும்பாங்க. எங்கம்மா அணைச்சிச்சுக்கா. எம்புள்ள கொளுத்தலன்னு. ராத்திரி எனக்குச் சூடு போட்ட அதே கையால.

அன்னிலேந்து அது எந்த வயல்லயும் மொத பிடி நட்டதில்ல. எத்தன பேரு கூப்புட்டாலும் எனக்கு இடுப்பு வலின்னு சொல்லி எல்லையம்மா அத்தையத் தள்ளி விட்டுடும். இன்னிக்கி தப்பிக்க முடியல. அந்தக் கையால, அதே முருகையன் மாமா வயல்ல. நல்ல நேரம் பத்தரைக்கி. மணி என்ன இப்ப? பத்து அடிச்சிடுச்சா?

வீடியோவ டெலிட் பண்ணிடுன்னு சொல்றீங்களா. நேத்தே பண்ணிட்டேன்க்கா. நாலு லட்சம் வியூஸு, ஒரே அமுக்கு. டெலிட் பண்ணா ஊரு மறந்துடுமா? இப்ப என்ன சொல்றாங்க தெரியுமா, எல்லையம்மா அழுவுது, பாவம்னு இனியவன் எடுத்துட்டான், நல்ல பையன்னு என்னையச் சொல்றாங்க!

நேத்து ஏன் பண்ணேன்னா... அது வந்துச்சு. எல்லையம்மா அத்த. இங்கதான், நீங்க ஒக்காந்துருக்கீங்களே, அந்த ஸ்டூல்ல. பட்டன் போனு, சார்ஜு நிக்கலன்னு குடுத்துச்சு. திட்ட வந்துருக்குன்னு நெனச்சி குனிஞ்சிக்கிட்டே சார்ஜரு பின்ன நோண்டிக்கிட்டிருந்தேன். திட்டலக்கா. மெதுவாக் கேக்குது. "தம்பி, நான் சூடு போட்டேன்னு அதுல வருதாம்ல. எப்ப போட்டேன்னு எனக்கு ஞாபகமே வரல. யோசிச்சி யோசிச்சிப் பாக்குறேன். வயசாயிடுச்சா, மறந்துருக்கும். போட்டுருப்பனோ? அதனாலதான் அவன் அப்புடி ஆயிட்டானோ? நீ படிச்ச புள்ள, விசாரிச்சிருப்ப. நீயே சொல்லு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பின்னு போயிடுச்சி அத்த, நாளைக்கி வா"ன்னேன்.

...

இந்தாங்க. ஆன் ஆயிடுச்சி பாருங்க. காசெல்லாம் வேணாம். வேணாங்கிறேன்ல. அதுக்குப் பதிலா ஒரு ஒதவி. நீங்க இப்ப நேரா முருகையன் மாமா வயலுக்குத்தான போறீங்க? இருபது பொம்பளைங்க இருப்பாங்க. மீன எடைபோட்டுக் குடுக்குறப்ப, போற போக்குல... "அந்த மொபைலு கடப் பையன் இருக்கானே, அவந்தானாம் அந்தப் போரக் கொளுத்துனது"ன்னு... போட்டு விட்டுடுங்களேன். யாரு சொன்னான்னு கேட்டா, யாரோ சொன்னாங்கன்னுடுங்க. ஊருக்கே சேதி கொண்டு போறவங்கதான நீங்க. ரெத்தினம் வீட்டுப் பொண்ணு ஓடிப்போனது நீங்க சொல்லித்தான எனக்கே தெரியும்!

மாட்டீங்களா? ஏன்? என்னக்கா, ஊர்க்கதையெல்லாம் கூவிக்கிட்டுப் போறீங்க, இத மட்டும்... என்னைய மொறைக்காதீங்க. நானேவா? நான் எப்புடிக்கா சொல்ல முடியும்? எங்கம்மா சூடம் அணைச்சிருக்குங்கிறேன்! இருபது பேரு முன்னாடி அத... இனிமே ஒருத்தி எங்கம்மா பேச்சக் கேட்டு வயலுக்கு வருவாளா?

அக்கா. அக்கா, இருங்க. வண்டிய எடுக்காதீங்க. ஷட்டர இழுத்துட்டு வந்துடுறேன். பின்னாடி ஏறிக்கிறேன், அந்தப் பொட்டியக் கொஞ்சம் தள்ளுங்க. பேண்டெல்லாம் மீன் தண்ணி... பரவாயில்ல, போங்க.

மெதுவாப் போங்கக்கா, என்ன அவசரம். மேடு பள்ளம் பாத்துப் போங்க. வாய்க்கால்ல தண்ணி எப்புடிப் போவுது பாத்தீங்களா, இந்த வருஷம் மேட்டூரு தண்ணி சீக்கிரம் வந்துடுச்சி... அக்கா, நான் ஒரு யோசன சொல்றேன். நாளைக்கி ஒரு வீடியோவாப் போட்டுடுறேன். "மன்னிப்பு"ன்னு. மூஞ்சக் காட்டிப் பேசுறேன். அழுவுறேன்கூட. நல்லாப் போவும்க்கா அது... சரி, சரி. தப்புத்தான். ஓட்டுங்க.

அதோ. வந்துடுச்சி. நாத்து முடிச்செல்லாம் எறக்கிட்டாங்க. வரப்புல கொட புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, அவருதான் முருகையன் மாமா. பொம்பளைங்கள்லாம் முந்தானைய வரிஞ்சி கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அந்தக் கோடியில, தனியா, தூக்குச்சட்டியோட... ஆமா, அதான். எல்லையம்மா அத்த.

சனிமூலையில எங்கம்மா. கையில முடிச்சி. குனியல இன்னும். நிக்கிது. கையவே பாத்துக்கிட்டு நிக்கிது.

இங்க நிறுத்தாதீங்கக்கா, கொஞ்சம் தள்ளிப் போயி... நிறுத்திட்டீங்களா. எறங்கித்தான் ஆவணுமா? எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அக்கா, நீங்களும் கூட வாங்க, பக்கத்துல சும்மா நின்னா போதும், ஒண்ணும் பேச வேணாம்... அக்கா? வண்டிய எங்க திருப்புறீங்க? இன்னிக்கி யாவாரம்? இத்தன பேரு நிக்கிறாங்க, மீனு விக்க வேணாமா? அக்கா! பூர்ணிமாக்கா!

போயிட்டாங்க.

...இல்ல மாமா, வீடியோ எடுக்க வரல. போனு கடையில கெடக்கு, பாருங்க, ரெண்டு கையும் காலி. நல்ல நேரம் போவுதுன்னு எனக்கும் தெரியும். ஒரு நிமிஷம். அம்மா, குனியாத. அந்த முடிச்ச எல்லையம்மா அத்தைகிட்ட குடுத்துடு. குடும்மா. நான் சொல்லிடுறேன்.

மாமா, ஒங்க வைக்கப்போரக் கொளுத்துனது நாந்தான். ராக்கெட்டு. தியாகு இல்ல. தியாகு அன்னிக்கி வாய்க்கால்லேந்து தண்ணி மொண்டாந்து ஊத்துனான், மொதக் கொடம் அவந்தான் ஊத்துனான், நான் பூவரச மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டுப் பாத்தேன். சூடு வாங்குனதும் நாந்தான், வேணும்னா பாத்துக்கங்க, தொடையில இருக்கு. எங்கம்மாவ ஒண்ணும் கேக்காதீங்க. எட்டு வயசுப் புள்ளைக்காகத்தான் அது அந்தக் கையச் சுட்டுக்கிச்சு. கேக்குறதெல்லாம் என்னையக் கேளுங்க, அடிக்கிறதுன்னாலும் அடிங்க, கொடைய மடக்கிட்டு அடிங்க.

அத்த. நேத்து கேட்டல்ல. நீ போடல. ஒரு நாளும் போடல. மறக்கல நீ, நடந்தாத்தான மறக்குறதுக்கு. நீ நல்லாத்தான் வளத்த அத்த.

அப்பறம் ஏன் அவன் அப்புடின்னு என்னையக் கேக்காத. எனக்குத் தெரியல.